கை நுழையாத இடத்தில் ஒரு ஸ்க்ரூ: வளைந்த திருப்புளியைப் புரிந்துகொள்வோம்

தையல் மெஷினில் ஊசி இறங்கும் இடத்தில் பளபளப்பாக ஒரு தகடு இருக்கும். ஊசித் தட்டு என்று சொல்வோம். அதைச் சின்ன ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அந்தத் தட்டைக் கழற்றினால்தான், துணியைத் தள்ளுகிற பற்களுக்கு நடுவே அடைந்துகிடக்கும் பஞ்சையும் நூல் துணுக்கையும் எடுக்க முடியும். கழற்றலாம் என்று திருப்புளியோடு போனால், ஸ்க்ரூவுக்கு மேலே மெஷினின் தலை நிற்கும். திருப்புளியை நிமிர்த்தி வைக்க இடமே இருக்காது.

கல்லூரியில் படித்த காலத்தில் அம்மாவின் மெஷினில் நான் இந்த வேலையில் இறங்கினேன். கையில் இருந்தது ஒரு டெஸ்டர். நேராக நிறுத்த இடம் இல்லாததால் சாய்த்து வைத்துத் திருகினேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை ஸ்க்ரூ தலையில் இருந்த வெட்டின் ஓரம் பிய்ந்துகொண்டு வந்தது. பிறகு மெஷின் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் பையிலிருந்து பென்சில் நீளத்தில், இரண்டு நுனியும் மடிந்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்தார். அதைப் பக்கவாட்டில் நுழைத்து, மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே கால் வட்டம் தள்ளினார். கம்பியை எடுத்தார், புரட்டிப் போட்டார், மறுபடி கால் வட்டம். வெட்டில் மிச்சம் இருந்த ஓரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரூ கழன்று கையில் வந்துவிட்டது. "சாய்ச்சு வச்சா அது ஸ்க்ரூவைத் திருப்பாது தம்பி, செதுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கம்பிக்கு ஆஃப்செட் ஸ்க்ரூ டிரைவர் என்று பெயர். ஹார்டுவேர் கடையில் எல் டைப், இசட் டைப் என்றும் கேட்கலாம். நான் இங்கே வளைந்த திருப்புளி என்றே எழுதுகிறேன். வீட்டில் சின்னச் சின்னப் பழுதைத் தானே பார்க்க ஆசைப்படுகிற எல்லோரிடமும் இது ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைவிட, அது ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று புரிந்துகொள்வது பெரிய லாபம். புரிந்துவிட்டால் அந்தக் கருவி கையில் இல்லாத நாளிலும் ஒரு வழி தோன்றும்.

சரி, சாதாரணத் திருப்புளியிலிருந்து ஆரம்பிக்கலாம். அதை நாம் சுற்றுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. விரல்கள் பிடியைச் சுற்றுகின்றன, உள்ளங்கை பின்னாலிருந்து அழுத்துகிறது. அழுத்தம் இருந்தால்தான் முனை வெட்டுக்குள் முழுதாக உட்காரும். முழுதாக உட்கார்ந்தால்தான் சுற்றும் விசை தலையின் ஓரத்தைக் கிழிக்காமல் ஸ்க்ரூவுக்குப் போய்ச் சேரும். இந்த இரண்டு வேலையும் ஒரே கோட்டில், ஸ்க்ரூவின் நடு அச்சிலேயே நடக்கின்றன. திருப்புளி நேராக இருப்பதன் காரணமே அதுதான். அதனால்தான் ஸ்க்ரூவுக்கு மேலே திருப்புளியின் முழு நீளத்துக்கும், அதைப் பிடிக்கிற கைக்கும் சேர்த்து இடம் வேண்டியிருக்கிறது.

எவ்வளவு இடம் என்பதற்கு என்னிடம் ஒரு கை அளவு இருக்கிறது. ஸ்க்ரூ தலையிலிருந்து எதிரே இருக்கும் தடுப்பு வரை ஒரு சாணுக்கு மேல் இருந்தால் சாதாரணத் திருப்புளி போதும். சாணுக்குக் குறைந்து, அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் குட்டைத் திருப்புளி. கடையில் ஸ்டப்பி என்பார்கள். கைக்குள் அடங்கும் குண்டுப் பிடியும், அதிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுமாக இருக்கும். அது நேர்த் திருப்புளியின் தம்பிதான். அழுத்துவதும் சுற்றுவதும் அதே மாதிரி என்பதால் பழகுவதற்கு ஒன்றுமில்லை. அரைச் சாணும் இல்லை, நான்கு விரல், மூன்று விரல் என்று இடம் சுருங்கும்போதுதான் வளைந்த திருப்புளியின் முறை வருகிறது.

அது செய்வது ஒன்றே ஒன்றுதான். பிடியை ஸ்க்ரூவின் கோட்டிலிருந்து விலக்கி, பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. முனை ஸ்க்ரூவைப் பார்த்து நிற்கும், கைப்பிடி அதற்குச் செங்குத்தாகப் படுத்திருக்கும். இப்போது மேலே வேண்டியது அந்த மடிந்த முனையின் உயரமும், முடிந்தால் ஒரு விரலின் கனமும் மட்டுமே. உயரத்தில் மிச்சமானதற்குப் பதிலாக அகலத்தில் இடம் கேட்கும். கைப்பிடி பக்கவாட்டில் வீசிச் சுற்ற வேண்டுமே! எவ்வளவு வீச இடம் இருக்கிறது என்பதுதான் இனிமேல் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கால் வட்டத்தின் கணக்கு

அந்தப் பெரியவர் கம்பியை ஏன் ஒவ்வொரு முறையும் புரட்டிப் போட்டார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கருவியின் அழகே அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நேர்க்கோடு மாதிரி ஒற்றை வெட்டு உள்ள ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைத் திருப்புளியால் திருகுவோமே, அந்த வகை. ஒரு முழுச் சுற்றில் அந்த முனை வெட்டுக்குள் உட்காரக்கூடிய நிலைகள் இரண்டே இரண்டு. அதாவது ஒரு முறை திருகி, முனையை எடுத்துப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டுமானால், அதற்குள் ஸ்க்ரூ 180 டிகிரி, அரை வட்டம் திரும்பியிருக்க வேண்டும். இடுக்கில் கைப்பிடியை அரை வட்டம் வீச யாருக்கு இடம் கிடைக்கும்?

இதற்காகத்தான் இரண்டு நுனியிலும் முனை வைத்திருக்கிறார்கள். நன்றாக உற்றுப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நுனியில் பட்டை, கைப்பிடியின் நீளவாக்கில் இருக்கும். மறு நுனியில் கைப்பிடிக்குக் குறுக்காக இருக்கும். ஸ்க்ரூவை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்வோம். வெட்டு 12-க்கும் 6-க்கும் நடுவே நேராக இருக்கிறது. நீளவாக்குப் பட்டையை நுழைத்தால் கைப்பிடி 12-ஐக் காட்டும். கழற்றுகிற திசையில் 9 வரை தள்ளுகிறோம், அங்கே சுவர் தடுக்கிறது. இப்போது வெட்டு 9-க்கும் 3-க்கும் நடுவே படுத்திருக்கிறது. கம்பியை எடுத்துப் புரட்டி மறு நுனியை வைக்கிறோம். அது குறுக்குப் பட்டை என்பதால் கைப்பிடி மறுபடி 12-க்கே வந்து நிற்கும்! திரும்பவும் 9 வரை தள்ளலாம். வெட்டு பழையபடி 12-க்கும் 6-க்கும் வந்துவிடும். அடுத்து முதல் நுனி. இப்படி மாற்றி மாற்றி, 12-க்கும் 9-க்கும் இடைப்பட்ட கால் வட்ட இடத்துக்குள்ளேயே முழு ஸ்க்ரூவையும் கழற்றிவிடலாம். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு கம்பி, முனையைக் குறுக்கே திருப்பி வைத்ததாலேயே தேவைப்படும் இடத்தைப் பாதியாக்கிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதைச் செய்தவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

ஸ்டார் ஸ்க்ரூவில் கணக்கு இன்னும் சுலபம். அதில் நான்கு கை இருப்பதால் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் முனை தானாக உட்காரும், ஒரே நுனியால் கால் வட்டத்துக்குள் வேலை முடியும். ஆறு பக்கக் குழி உள்ள ஸ்க்ரூவுக்கு 60 டிகிரி போதும். அதற்கான எல் வடிவ ஆலன் கீ உங்கள் வீட்டிலேயே இருக்கும். சைக்கிளோடோ பிரித்து வரும் கட்டிலோடோ வந்திருக்கும். அதுவும் வளைந்த திருப்புளிதான், பெயர்தான் வேறு.

பொறுமை மட்டும் வேண்டும். எம்4 ஸ்க்ரூ (4 மி.மீ. தடிமன்) ஒன்றை எடுத்துக்கொண்டால் அது ஒரு சுற்றுக்கு 0.7 மி.மீ. நகரும். 10 மி.மீ. மரை உள்ளே இருந்தால் 14 சுற்றுக்கு மேல். கால் கால் வட்டமாகத் தள்ளினால் 57 முறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் வளைந்த திருப்புளியை ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் மட்டுமே வைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு சுற்றில் இறுக்கம் விட்டுவிட்டால், மீதியை விரல் நுனியாலோ, பிட்டை (கழற்றி மாட்டும் தனி முனையை) மட்டும் விரலில் பிடித்தோ சுற்றி எடுத்துவிடலாம்.

கிடைப்பதும் இழப்பதும்

வளைந்த திருப்புளியை முதல்முறை பிடிக்கிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கி மரையைக் கெடுப்பது. இன்னொன்று, தலையை வழுக்க விட்டு ஸ்டாரை அழிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

நேர்த் திருப்புளியின் பிடி சுமார் 3 செ.மீ. தடிமன் என்றால், விரல்கள் அச்சிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி வேலை செய்கின்றன. வளைந்த திருப்புளியில் விரல் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே 2 கிலோ எடை அளவுக்குத் தள்ளினாலே, நேர்ப் பிடியின் ஓரத்தில் 13 கிலோவுக்கு மேல் கொடுத்தால் கிடைக்கிற திருகு விசை வந்துவிடும். கடப்பாரைக்கு உள்ள அதே நெம்பு கணக்குதான். அப்போது கைக்கு ஒன்றும் தெரியாது, ஸ்க்ரூவுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கில் இறங்குகிற சின்ன ஸ்க்ரூ, பித்தளை ஸ்க்ரூ இரண்டிலும் இது ஆபத்து. இறுக்கும்போது கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல், மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தள்ளினால் விசை அளவோடு நிற்கும். கழற்றும்போது துருப்பிடித்ததை அசைக்க வேண்டுமானால் நுனிக்குப் போகலாம்.

சுற்றும் விசை இப்படிப் பல மடங்கு கூடுகிறது. ஆனால் அழுத்தம்? உள்ளங்கையால் பின்னாலிருந்து அழுத்த இப்போது பின்பக்கமே கிடையாது. கைப்பிடி பக்கத்தில் கிடக்கிறது. ஆக, சுற்று அதிகம், அழுத்தம் குறைவு. ஸ்க்ரூ தலையை அழிக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஸ்டார் ஸ்க்ரூவில் இது இன்னும் மோசம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1930-களில் பரவலாக்கிய வடிவம் அது. முனை தானாகவே நடுவில் போய் உட்காரும் என்பதால் தொழிற்சாலை அசெம்பிளி வரிசைக்கு மிகவும் பொருந்தியது. 1936-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. ஆனால் அந்தக் குழியின் சுவர்கள் செங்குத்தாக இருக்காது, உள்ளே போகப் போகச் சரிந்து குறுகும். சரிவான சுவரில் முனையைச் சுற்றித் தள்ளினால், விசையில் ஒரு பங்கு முனையை வெளியே ஏற்றிவிடும். அழுத்தம் அதை அடக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் முனை ஏறும், வழுக்கும், அடுத்த முறை பிடிக்க ஓரம் இருக்காது.

அதனால் வளைந்த திருப்புளிக்கு இரண்டு கையும் வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையின் கட்டைவிரல் மடிப்பின் தலையில், ஸ்க்ரூவுக்கு நேர் மேலே. அதன் வேலை அழுத்துவது மட்டும். இன்னொரு கையின் விரல் கைப்பிடியில், அதன் வேலை தள்ளுவது மட்டும். நேர்த் திருப்புளியில் ஒரே கை செய்த இரண்டு வேலையை இங்கே பிரித்துக் கொடுக்கிறோம். கட்டைவிரல் நுழையாத அளவுக்கு இடுக்கு என்றால், கருவியின் தலைக்கும் எதிரே இருக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு மரச் சில்லையோ மடித்த அட்டையையோ செருகுங்கள். எதிர்ப்பக்கத் தடுப்பே நமக்காக அழுத்தும். தொல்லை கொடுத்த தடுப்பையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் இந்த வித்தை பலமுறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் எதிரே இருப்பது கண்ணாடியோ மெல்லிய தகடோ என்றால் வேண்டாம்.

முனையின் அளவும் இங்கே இரட்டிப்பு முக்கியம். நேர்த் திருப்புளியில் அளவு கொஞ்சம் தப்பினாலும் பலமாக அழுத்திச் சமாளித்துவிடுவோம், இதில் அந்த வசதி இல்லை. ஸ்டாரில் வீட்டுச் சாமான்களில் அதிகம் வருவது பிஎச்2 என்ற அளவு. சின்ன எலக்ட்ரானிக் சாமான்களில் பிஎச்1, பிஎச்0. சமையலறை அலமாரிக் கதவின் கீல்களில் வருவது பல நேரம் ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனால் போசிடிரைவ். தலையில் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ், சுருக்கமாக பிஇசட், அதற்கான பிட் தனி. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளின் கார்புரேட்டரில் இன்னொரு சிக்கல். தலையில் ஒரு சின்னப் புள்ளிக் குழி இருந்தால் அது ஜப்பானியத் தரத்து ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் முனை அதில் அடிவரை போய் உட்காராது. கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் கீழ்நோக்கி இருக்கும், அவற்றுக்கு அடியில் இன்ஜின் நிற்கும். வளைந்த திருப்புளி கட்டாயம் தேவைப்படும் அந்த இடத்தில் பொருந்தாத முனையைப் போட்டால், அவ்வளவுதான், ஸ்டார் போயே போச்சு.

ராட்செட் வைத்த வளைந்த திருப்புளியும் கிடைக்கிறது. தட்டையான கைப்பிடி, தலையில் ஒரு பல்சக்கரம், அதில் செருகுகிற பிட். ஒரு திசையில் பிடித்துத் திருப்பும், எதிர்த் திசையில் கிர்ரென்று வழுக்கித் திரும்பும். எடுத்து எடுத்து வைக்கும் வேலையே கிடையாது. சக்கரத்தில் 36 பல் என்றால் 10 டிகிரி அசைத்தால் போதும், 72 பல் என்றால் 5 டிகிரி. வாங்கும்போது விரலால் திருப்பிப் பாருங்கள், கிளிக் சத்தம் நெருக்கமாக வந்தால் பல் அதிகம். ஆனால் தலையின் கனமும் பிட்டின் 25 மி.மீ. நீளமும் சேர்ந்து உயரத்தைக் கூட்டும். மூன்று விரல் இடத்தில் நுழைவது இரண்டு விரல் இடத்தில் நுழையாது. இன்னொன்று, ஸ்க்ரூ தளர்ந்த பிறகு ராட்செட் திரும்பி வரும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி வரும். உராய்வு இல்லாமல் அது பிடிக்காது. அப்போது விரலுக்கு மாற வேண்டியதுதான். ஒன்றே ஒன்று வாங்குவதானால் நான் ராட்செட்டைத்தான் சொல்வேன், பிட் மாற்றிக்கொள்ளலாம் என்பதால். தையல் மெஷின் மாதிரி நெருக்கத்துக்கு மட்டும் அந்தப் பழைய இரும்புக் கம்பியை எதுவும் வெல்லாது.

வளையும் ஸ்பிரிங் தண்டு உள்ள திருப்புளியைப் பார்த்து மயங்க வேண்டாம். இறுகின ஸ்க்ரூவில் வைத்தால் தண்டுதான் முறுக்கிக்கொள்ளும். ஏற்கனவே தளர்ந்ததை எட்டிச் சுற்றுவதற்கு மட்டும் அது நல்லது.

எதுவுமே கையில் இல்லையா? பிட்டின் அறுகோண வால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கால் அங்குல ரிங் ஸ்பேனர் ஒன்று இருந்தால் அதில் பிட்டைச் செருகி, மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஸ்பேனரைத் தள்ளுங்கள். வளைந்த திருப்புளி தயார். 6 மி.மீ. ஸ்பேனரில் நுழையாது, 7 மி.மீ.யில் ஆடும், அதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம் திசை. கண்ணால் நேராகப் பார்க்க முடியாத இடத்தில், கீழிருந்தோ பின்னாலிருந்தோ கையை விட்டு வேலை செய்யும்போது எந்தப் பக்கம் இறுகும், எந்தப் பக்கம் கழலும் என்று குழம்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஸ்க்ரூவை உடைத்தவர்கள் உண்டு. வலது கையை மடக்கி, ஸ்க்ரூ எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் கட்டைவிரலை நீட்டுங்கள். மற்ற நான்கு விரல்கள் வளைகிற திசைதான் சுற்ற வேண்டிய திசை. உள்ளே போக வேண்டுமா, வெளியே வர வேண்டுமா, தலைகீழாகத் தொங்குகிறதா, எதுவானாலும் இது பொய்க்காது. கண்ணாடி வைத்துப் பார்த்துச் செய்தால் மட்டும் ஜாக்கிரதை, கண்ணாடியில் கடிகாரம் எதிர்த் திசையில் ஓடும்.

மின்சாரம் உள்ள இடத்தில் இந்தக் கம்பியைக் கொண்டுபோகவே கூடாது. நேர்த் திருப்புளிக்குப் பிளாஸ்டிக் பிடியாவது இருக்கிறது. இது நுனிக்கு நுனி வெறும் இரும்பு. சுவிட்ச் போர்டு என்றால் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகுதான் தொட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிப் பக்கம் இதை வைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். கை தவறி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் குறுக்கே விழுந்தால் தீப்பொறி பறக்கும், கம்பி பழுக்கும்.

திரும்பப் பூட்டுவதுதான் கடைசிக் கஷ்டம். விரல் நுழையாத இடத்தில் ஸ்க்ரூவை எப்படி ஓட்டையில் நிறுத்துவது? முனையில் ஒரு துளி கிரீஸைத் தொட்டு வையுங்கள், ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசித் தட்டில் மட்டும் கிரீஸ் வேண்டாம், துணியில் கறை ஏறும். அங்கே சின்ன இடுக்கியால் பிடித்து நிறுத்தலாம். ஓட்டையில் வைத்ததும் உடனே இறுக்க ஆரம்பிக்காமல், முதலில் கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக்கென்று லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். மரையும் மரையும் சேர்ந்த இடம் அது. அங்கிருந்து இறுக்குகிற திசையில் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. விரலால் போகிற வரை போகட்டும். கடைசிக் கால் வட்டத்துக்கு மட்டும் வளைந்த திருப்புளியை எடுத்து, கட்டைவிரலை மேலே வைத்து, மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு தள்ளு. பிறகு மெஷினின் சக்கரத்தைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி தட்டில் இடிக்காமல் ஓட்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் துணியை வையுங்கள்.